எழுதிப் பழகுபவர் இதழ்களுக்குச் சந்தா கட்டலாமா?

வணக்கம். மூன்று வருடமாகச் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். இதுவரை 11 கதைகள். எதுவும் அச்சில் வரவில்லை. இதழ்களுக்கென்று மாதம் 300 ரூபாய் ஒதுக்க முடியும். அதை எதில் போடுவது என்று உங்களிடம் கேட்கத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில் 1920 முதல் 'ரைட்டர்ஸ் டைஜஸ்ட்' வருகிறது. கதையை எங்கே தொடங்குவது, உரையாடலை எப்படிச் சுருக்குவது, யாருக்கு அனுப்புவது என்று எழுதுகிறவர்களுக்காகவே நடக்கும் பத்திரிகை. பழைய இதழ்கள் சில கிடைத்தன, படித்தேன். முதல் இரண்டு நிறையச் சொல்லிக்கொடுத்தன. அப்புறம் அதே அறிவுரைகள் வேறு தலைப்பில் வந்தன. அங்கத்திய பதிப்பாளர் விவரம் தமிழில் எழுதும் எனக்கு உதவாது.

தமிழில் அப்படி ஒரு மாத இதழ் என் கண்ணில் படவில்லை. நம்மிடம் இருப்பவை படைப்புகளையே தரும் இதழ்கள்: 1965இல் டெல்லியில் தொடங்கிய கணையாழி, 1988இல் தொடங்கிய காலச்சுவடு போன்றவை. சொல்வனம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பிறகு எதற்குக் காசு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் தாளில் படிக்கும்போதுதான் பென்சிலால் கோடிட்டு, இந்த வரி ஏன் இவ்வளவு நன்றாக நிற்கிறது என்று நின்று யோசிக்கிறேன்.

போன வருடம் ஓர் இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். மூன்று இதழ்தான் கைக்கு வந்தது. அந்தத் தயக்கம் இன்னும் இருக்கிறது.

சந்தா கட்டிப் படித்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் எழுத்து அதனால் மாறியதா? புதியவர்களின் கதையைப் படித்து, வேண்டாம் என்றாவது பதில் போடும் இதழ் எது? இல்லை, அந்தப் பணத்துக்கு மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்பு வாங்குவதே சரியா?