இலைவெட்டி எறும்பு: பூஞ்சைத் தோட்டம் நாளுக்கு நாள் சுருங்குகிறது, உதவி தேவை

சுள்ளிக்காடு:
வணக்கம். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் வசிக்கிறேன். பதினான்கு மாதமாக அக்ரோமிர்மெக்ஸ் ஆக்டோஸ்பினோசஸ் என்ற, இலையை நறுக்கி அதில் உணவுக்காகப் பூஞ்சை வளர்க்கும் இலைவெட்டி எறும்புக் கூட்டம் ஒன்றை வளர்த்து வருகிறேன். ஒரே ராணி. பொங்கல்வரை பூஞ்சைத் தோட்டம் உரித்த தேங்காய் அளவுக்கு இருந்தது. இன்று காலை பார்த்தால் மாங்காய் அளவுகூடத் தேறாது. இடையில் போனது பன்னிரண்டே நாள்.

மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள்: பூஞ்சைக்கு ஒன்று, இலை போட ஒன்று, குப்பைக்கு ஒன்று. நடுவில் சிலிகோன் குழாய்கள். பூஞ்சைப் பெட்டிக்கு அடியில் வெப்பப் பாய் விரித்திருக்கிறேன். உள்ளே 25 டிகிரி, ஈரப்பதம் 74 சதவீதம். குளிருக்காக வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் காற்று காய்ந்து கிடக்கிறது. அதனால் தினமும் பூஞ்சைமேல் லேசாகத் தண்ணீர் தெளிக்கிறேன்.

எறும்புகள் பூஞ்சைத் துணுக்குகளைக் கவ்விக்கொண்டு போய்க் குப்பையில் போடுகின்றன. குப்பைமேல் சாம்பல் நிறப் பூசணம் வேறு. இன்னொரு பயம்: பெரிய வேலைக்காரி எறும்புகள் சிலவற்றின் உடம்பெல்லாம் மாவில் புரட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. தோட்டத்தை அழிக்கும் ஒட்டுண்ணிப் பூஞ்சையான எஸ்கோவோப்சிஸ் வந்துவிட்டதா?

மழைக்காளான்:
74 போதாது. பூஞ்சைப் பெட்டியில் 90க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் பூஞ்சைமேல் நேரடியாகத் தண்ணீர் தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள், அது பஞ்சுபோல நனைந்து இடிந்துவிடும். சுட்ட களிமண் உருண்டைகளை அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அவற்றை மட்டும் நனைத்தால் போதும். வெப்பப் பாய் அடியில் இருந்தால் அடிப்பூஞ்சை காயும், மூடியில் நீர் கோத்துச் சொட்டும். பக்கச்சுவருக்கு மாற்றுங்கள்.

தென்னங்கீற்று:
நான் கட்டெறும்பு வளர்ப்பவன். சோர்ந்த கூட்டத்துக்குத் தேன் கலந்த தண்ணீர் வைத்துப் பாருங்கள், இரண்டு நாளில் தெம்பு வந்துவிடும்.

ஒன்பதுபெட்டி:
தென்னங்கீற்று தம்பி, கட்டெறும்புக்குச் சரி. இங்கே பட்டினி கிடப்பது எறும்பு அல்ல, பூஞ்சை. வேலைக்காரிகள் இலையை நறுக்கும்போதே சாற்றைக் குடித்துக்கொள்ளும். எறும்பின் புழுக்களுக்குத் தீனி பூஞ்சை மட்டும்தான். பூஞ்சை இழைகளின் நுனியில் ஊசிமுனை அளவில் புடைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளை உருண்டைகளைக் கிள்ளி ஊட்டும். தேன் வைத்தால் எறும்பு ஓடியாடும், தோட்டம் அப்படியேதான் சுருங்கும்.

சுள்ளிக்காடு ஐயா, முதலில் வெள்ளை மாவு. அது நோயில்லை. சூடோநோகார்டியா என்ற பாக்டீரியா. எஸ்கோவோப்சிஸை அடக்கும் மருந்தை அதுதான் சுரக்கிறது என்று கேமரன் கர்ரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1999இல் காட்டினார்கள். பிறந்து ஒன்றிரண்டு வாரமான எறும்புகளில் அது அடர்த்தியாகப் படர்ந்திருக்கும், வெளியே இலை வெட்டப் போகிற வயதில் குறைந்துவிடும். ஆகவே உங்கள் கூட்டத்தில் இளசுகள் இருக்கின்றன, அது நல்ல செய்தி. குப்பைமேல் பூசணம் பிடிப்பதும் குப்பையின் இயல்பு.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எறியும் துணுக்குகள் பழுப்பா, வெள்ளையா? அடியில் சத்துத் தீர்ந்த பழைய பூஞ்சை பழுப்பாகத்தான் இருக்கும், அதை எறிவது அன்றாட வேலை. சுருங்குவதற்குச் சற்றுமுன் புதிதாக என்ன செடி கொடுத்தீர்கள்?

சுள்ளிக்காடு:
கைவிளக்கு வைத்துப் பார்த்தேன். வெள்ளை. சிலவற்றில் ஓரம் மட்டும் மஞ்சளித்திருக்கிறது.

வழக்கமாக ப்ளாக்பெர்ரி இலையும் லிகுஸ்டர் வேலி இலையும்தான். பொங்கலுக்கு வந்த நண்பர் கடையில் வாங்கிய ரோஜாக்கொத்து கொண்டுவந்தார். மறுநாள் மாலை இரண்டு பூக்களின் இதழ்களை உதிர்த்துப் போட்டேன். அப்படி ஒரு ஆர்வத்தை நான் பார்த்ததே இல்லை. இதழின் ஓரத்தில் பின்னங்காலை ஊன்றிக்கொண்டு, உடம்பையே கவராயம்போல் சுழற்றிப் பிறை பிறையாக நறுக்கின. இரவு பத்து மணிக்குள் குழாய் முழுக்கச் சிவப்புக் கொடி ஊர்வலம். அடுத்த நாளும் போட்டேன், பாதிதான் எடுத்தன. மூன்றாம் நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டன. உள்ளே கொண்டுபோயிருந்த சிவப்புத் துண்டுகளும் குப்பைக்கு வந்துவிட்டன. சலித்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதுபெட்டி:
சலிப்பில்லை. நஞ்சு. கடை ரோஜாவில் சாம்பல் பூசணம் வராதிருக்கப் பூஞ்சைக்கொல்லி அடித்திருப்பார்கள். எறும்பை அது ஒன்றும் செய்யாது, அதனால்தான் முதல் நாள் ஆசையாகச் சுமந்தன. வீட்டுக்குள் போனதும் அடிபட்டது பூஞ்சை. அது வாடத் தொடங்கிய பிறகே எறும்புகளுக்கு விஷயம் புரிகிறது. உடனே அந்தச் செடியின் வாசனையையே ஒதுக்கிவிடும்.

1996இல் ரிட்லி, ஹவுஸ், ஜாக்சன் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். சைக்ளோஹெக்சிமைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த ஆரஞ்சைக் கொடுத்தார்கள். முதலில் எடுத்த எறும்புகள் சில மணி நேரத்தில் நிறுத்திக்கொண்டன. அதன்பின் மருந்தே கலக்காத ஆரஞ்சையும் வாரக்கணக்கில் தொடவில்லை. பூஞ்சைக்கு வாய் கிடையாது, ஆனாலும் சாப்பாட்டுப் பட்டியலை அதுதான் எழுதுகிறது.

ரோஜாவை மறந்துவிடுங்கள். சிவப்பு ஒட்டிய பகுதியை நீங்கள் கிள்ள வேண்டாம், உங்களைவிட அவை சுத்தமாகக் கிள்ளும். மழைக்காளான் சொன்னபடி ஈரத்தைச் சரிசெய்யுங்கள். காட்டோரத்தில், வயலிலிருந்து தள்ளி இருக்கும் ப்ளாக்பெர்ரிப் புதரின் உட்புறத்தில் ஜனவரியிலும் பச்சை இலை இருக்கும். கழுவித் துடைத்துக் கொடுங்கள். கொஞ்சம் ஓட்ஸும் தூவலாம். தோட்டம் எலுமிச்சைக்குக் கீழே போனால் சொல்லுங்கள், என் பெட்டியிலிருந்து ஒரு பூஞ்சைத் துண்டு தருகிறேன். பக்கத்து வீட்டு உறைமோர் மாதிரிதான், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

வெண்டைக்காய்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கோயம்புத்தூர். இந்த எறும்பை இங்கே வரவழைத்து வளர்க்க வழி இருக்கிறதா?

ஒன்பதுபெட்டி:
வேண்டாம். இது அமெரிக்கக் கண்டங்களின் எறும்பு. ட்ரினிடாட்டில் பாச்சாக் என்பார்கள், தோட்டக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போதே பல்லைக் கடிப்பார்கள். கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் 1954இல் முதன்முதலாகக் கண்டார்கள், இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. நம் ஊருக்கு ஒரு ராணி தப்பி வந்தால் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுமதியின்றி உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்வது சட்டப்படியும் குற்றம். பூஞ்சை வேளாண்மை பார்க்க ஆசையென்றால் உங்கள் ஊர்க் கரையான் புற்றே போதும். மழைக்குப் பின் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான், கரையான் உள்ளே வளர்க்கும் பூஞ்சை பூத்ததுதான்.

சுள்ளிக்காடு:
நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். ஈரப்பதம் இப்போது 93. முதல் பத்து நாள் இன்னும் சுருங்கிப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றது. உங்களிடம் துண்டு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அன்று, மேல் விளிம்பில் தும்பைப் பூப்போல ஒரு வெள்ளைக் கொத்து தெரிந்தது. இன்று ஆரஞ்சுப் பழ அளவு. பால்கனித் தொட்டியில் மருந்தே காணாத ரோஜாவின் துளிர் ஒன்றைச் சும்மா வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கிவிட்டுப் போய்விட்டன. இன்னும் மறக்கவில்லை!

புதுச் சிக்கல் ஒன்று. நேற்றிரவு சிலிகோன் குழாயைக் கடித்து ஓட்டை போட்டு ஐம்பது அறுபது எறும்புகள் வெளியே வந்துவிட்டன. ஜன்னலோரம் மனைவியின் கறிவேப்பிலைச் செடி. இந்தக் குளிரில் மூன்று வருடமாகப் பிள்ளைபோல் காப்பாற்றியது. காலையில் பார்த்தால் பாதி ஈர்க்கு மொட்டை. அத்தனையும் பூஞ்சைப் பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டில் இன்று என்னோடு யாரும் பேசவில்லை.

ஒன்பதுபெட்டி:
கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அமெரிக்காக்களில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை மொட்டையடிப்பதே இவைதான், விடுமா? சிலிகோனை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் குழாய் போடுங்கள். வீட்டம்மாவுக்கு நல்ல கன்றாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். அதெல்லாம் இருக்கட்டும், அந்தச் செடிக்கு ஏதாவது மருந்து அடித்திருந்தீர்களா?

சுள்ளிக்காடு:
கார்த்திகையில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தாள். அதன்பின் ஏதோ ஒரு புட்டி வாங்கி வந்த ஞாபகம். கேட்டுச் சொல்கிறேன். கேட்கும் நிலையில் இன்று நான் இல்லை.

ஒன்பதுபெட்டி:
எப்படியாவது கேளுங்கள். அதுவரை இரண்டு நாள் குப்பைப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பச்சைத் துண்டோடு வெள்ளைத் துணுக்கு ஒன்று வந்து விழுந்தாலும் உடனே எழுதுங்கள், பூஞ்சைத் துண்டை எடுத்துவைக்கிறேன்.