துனிசியச் சட்டம் ஒன்றைப் புரிந்துகொள்ள உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். 2011 ஜனவரியில் அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடிய பின் துனிசியாவில் எழுந்த ஊழல் எதிர்ப்பு அமைப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். பழைய ஆட்சியில் ஊழல் புரிந்த அதிகாரிகளையும் தொழிலதிபர்களையும் வழக்கிலிருந்து விடுவிக்கும் மசோதா 2015இல் வந்தபோது, ‘மானிஷ் முசாமஹ்’ (‘நான் மன்னிக்க மாட்டேன்’) இயக்கத்தின் இளைஞர்கள் துனிஸ் நகரின் ஹபீப் புர்கிபா சாலையில் பதாகைகளுடன் இறங்கினார்கள். அந்த எதிர்ப்பின் பயனாக, 2017 செப்டம்பரில் நிறைவேறிய சட்டம் தொழிலதிபர்களை நீக்கி, சொந்த ஆதாயம் அடையாத அதிகாரிகளுக்கு மட்டும் மன்னிப்பு அளித்தது. (அதையும் அநீதி என்றே கருதுகிறேன்.) அரசின் ஊழல் தடுப்பு ஆணையத் தலைமையகமே 2021 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்ட நிலையில், இப்போராட்டம் தமிழில் பதிவாக வேண்டும். சொந்த ஆதாயம் இல்லை என்பதை யார், எப்படி முடிவு செய்வது என்ற பிரிவை அரபியிலோ பிரெஞ்சிலோ படித்து விளக்கக்கூடியவர்கள் அன்புகூர்ந்து இங்கே பதிலளிக்க வேண்டுகிறேன்.