பஞ்சு மில்லும் திங்கட்கிழமை நெஞ்சடைப்பும்: உங்கள் வீட்டில் யாருக்காவது?

பீளமேட்டுக்காரன்:
அப்பா கோயம்புத்தூர் மில் ஒன்றில் புளோரூம். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற வேலை, 26 வருடம். வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் வெள்ளை. "தாத்தா வந்தாச்சு" என்று கத்துவோம். அதை விடுங்கள். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம்தான் என் மனசை விட்டுப் போகவே மாட்டேனென்கிறது. ஞாயிறு முழுக்க நன்றாக இருந்த மனுஷன், ஷிப்ட் முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "நெஞ்சு மேல ஆரோ ஏறி உக்காந்தாப்புல இருக்குது கண்ணு" என்றார். செவ்வாய் சரியாகிவிட்டது. அடுத்த திங்கள் மறுபடி. "லீவு முடிஞ்சா மில்லுக்குப் போகச் சோம்பல்" என்பாள் அம்மா. நானும் சிரித்தேன். ஸ்கூலுக்கு மட்டம் போட எனக்கு வருகிற வயிற்றுவலி மாதிரிதான் என்று நினைத்தேன். போகப் போக செவ்வாய், புதன் என்று வாரம் முழுக்க வந்தது. பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய், பைசினோசிஸ் என்கிற பெயரே அவர் போன பிறகுதான் தெரியும்.

ரிங்பிரேம் அக்கா:
நான் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவுகிற இடத்தில், ஆறு வருடம், இப்போது நூல் நூற்கிற ஸ்பின்னிங். எங்கள் மில்லில் வார லீவு ஆளுக்கு ஒரு நாள். எனக்கு வியாழன், அதனால் வெள்ளிதான் எனக்குத் திங்கட்கிழமை. டாக்டரிடம் சொன்னால் சளிக்கு மாத்திரை எழுதுகிறார். மேஸ்திரி வெல்லம் கொடுப்பார், தின்றால் பஞ்சு இறங்கிவிடுமாம். கைக்கு வருவதற்குள் அந்த வெல்லத்தின் மேலேயே பஞ்சு ஒட்டியிருக்கும். ஊதிவிட்டுத்தான் வாயில் போடுவேன்.

பழைய சூப்பர்வைசர்:
பீளமேட்டுத் தம்பி, அப்பா பீடி குடிப்பாரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே? வெல்லம் தின்றே 30 வருடம் ஓட்டினவன் நான்.

பீளமேட்டுக்காரன்:
வெற்றிலைகூடப் போடமாட்டார்ங்க.

நூல்மில் பேரன்:
சூப்பர்வைசர் ஐயா, பீடி சேர்ந்தால் இன்னும் மோசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பீடிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா என்ன, திங்கள் மட்டும் நெஞ்சடைக்க? வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்? என் சித்தப்பாவை "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்றே மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். இது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அக்கா, ஸ்பைரோமெட்ரி என்று ஊதிப் பார்க்கிற டெஸ்ட் கேளுங்கள். லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை. இரண்டாவதில் ஊதுகிற அளவு குறைந்தால் டாக்டர் அதைச் சளி என்று தள்ளிவிட முடியாது. சீட்டில் கார்டிங், இத்தனை வருடம் என்று எழுதச் சொல்லுங்கள், வெறும் 'ஆஸ்துமா' என்று எழுத விடாதீர்கள். 1948 ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டு) சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே பஞ்சுத் தூசியால் வருவதைத் தொழில்நோய் என்று போட்டிருந்தார்கள். பழைய சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். கார்டிங்கில் இருந்ததற்கு வேறென்ன அத்தாட்சி இருக்கிறது?

ரிங்பிரேம் அக்கா:
சரிங்க தம்பி. அந்த ஊதுகிற டெஸ்ட் எடுக்கிற ரூம் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? எனக்கு வெள்ளிக்கிழமை ஆறு மணி ஷிப்ட்.