90 மூட்டைக்கு டிராக்டர் மூக்கைத் தூக்குகிறது, டிரைலருக்குப் பட்டை சேர்க்கலாமா?

கோரையாறு:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஊர். 45 ஹெச்.பி. டிராக்டர், ஒரே அச்சு, இரண்டு சக்கர டிரைலர். சம்பா அறுப்பு முடிந்து நெல் மூட்டைகளை அரிசி ஆலைக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். 90 மூட்டை ஏற்றினால் டிரைலர் முன்பக்கம் குனிந்துகொள்கிறது, வாய்க்கால் பாலம் ஏறும்போது ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது, நேற்று ஒரு பாலத்தில் முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியே விட்டது. சரி, பாரத்தைப் பின்னால் தள்ளுவோம் என்று வால் பக்கம் உயர்த்தி அடுக்கினேன். பாலம் நன்றாக ஏறியது, ஆனால் நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரைலர் இடமும் வலமும் ஆடி டிராக்டரையே இழுக்கிறது. போன வருடமும் இதே டிரைலர், இதே 90தான், ஒரு தொல்லையும் இல்லை. கமான் பட்டை (அச்சின் மேல் டிரைலரைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு) தளர்ந்துவிட்டது, இரண்டு பட்டை சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சேர்க்கலாமா?

வண்டல்:
தாராளமாகச் சேருங்கள். எங்கள் அப்பா காலத்தில் இதைவிடச் சின்ன டிராக்டரில் 120 மூட்டை போகும். முன்னால் பம்பரில் இரண்டு ஆளை உட்காரவைத்தால் சக்கரம் எங்கே தூக்கும்?

பட்டறைக்காரன்:
பம்பரில் ஆளை உட்காரவைக்கிற யோசனையைத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளத்தில் இறங்கி ஏறினால் முதலில் கீழே விழுவது அந்த ஆள்தான், அடுத்தது அவர் மேல் ஏறுவது முன்சக்கரம்.

கோரையாறு தம்பி, பட்டையைப் பற்றி அப்புறம் பேசுவோம். 90 மூட்டை என்கிறீர்களே, எந்த மூட்டை? கொள்முதல் நிலையத்துக் கணக்கில் 40 கிலோ சிப்பமா, வியாபாரி சாக்கில் 60 கிலோவா? முன்னதென்றால் 3.6 டன், பின்னதென்றால் 5.4 டன். நம் ஊரில் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் சொல்வோம், கிலோவைச் சொல்ல மாட்டோம். அச்சுக்கு எண்ணத் தெரியாது.

கோரையாறு:
அண்ணே, இப்போதுதான் உறைக்கிறது. போன வருடம் ஏற்றியது 40 கிலோ சிப்பம். இந்த வருடம் வியாபாரிக்கு, 60 கிலோ பிடித்த சாக்கு. அதிலும் அறுப்பு நேரத்து மழையில் நனைந்த நெல், ஈரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பட்டறைக்காரன்:
அப்போது பட்டையின் மேல் பழி போடாதீர்கள், அது பாவம்.

இரண்டு சக்கர டிரைலரில் பாரம் முழுவதும் அதன் அச்சில் உட்காராது, ஒரு பங்கு, டிரைலரை மாட்டும் ஹூக் வழியாக டிராக்டரின் வாலில் உட்காரும். ஹூக் இருப்பது பின் அச்சுக்கும் பின்னால், ஆகவே வாலில் உட்கார்ந்த எடை பின் அச்சை மையமாக வைத்து நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். தோராயமாக ஒரு கணக்குப் பாருங்கள். ஹூக்கில் 1,000 கிலோ, ஹூக் பின் அச்சிலிருந்து 70 செ.மீ. தள்ளி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2 மீட்டர் என்றால், முன்சக்கரத்திலிருந்து 350 கிலோ காணாமல் போகும். 2 டன் டிராக்டரில் முன்னால் இருப்பதே 800 கிலோ சுமார். மேட்டில் ஏறும்போது இழுவையும் சேர்ந்து மிச்சத்தையும் தூக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் கேட்காது.

அதற்குப் பயந்து வால் பக்கம் ஏற்றினீர்கள். இப்போது அச்சுக்குப் பின்னால் எடை கூடி ஹூக்கில் எடை குறைந்துவிட்டது. வால் கனத்த டிரைலர் ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டத்தைப் பிரேக் அடித்து நிறுத்த நினைத்தால் மோசமாகும், ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு வேகம் இறங்கவிடுங்கள். கனமான அடுக்கை அச்சுக்கு நேர் மேலேயும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் வையுங்கள், உயரத்தைக் குறையுங்கள்.

இரண்டு பட்டை சேர்த்தால் குனிவு கொஞ்சம் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அச்சு பழைய அச்சு, டயர் பழைய டயர், ஹூக்கில் உட்காரும் எடையும் கிட்டத்தட்ட அதே எடை. உங்கள் டிரைலருக்குக் கழித்த லாரி டயர்தானே போட்டிருப்பீர்கள், அதையும் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். நாற்பது வருடமாகச் சம்மட்டி பிடிக்கிறேன், பட்டை முறிந்து வந்த டிரைலர்களில் பாதிக்கு மேல் முன்பே ஒருமுறை பட்டை சேர்த்தவைதான்.

ஹூக்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பின் அச்சின் மட்டத்துக்கு மேலே ஏற்றி மாட்டாதீர்கள். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்வது அதனால்தான், அது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

டெக்சாஸ்வாசி:
சொந்த ஊர் பாபநாசம், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். நெல் இழுக்கவில்லை, விடுமுறையில் குடும்பத்தோடு போக 28 அடி நீள வீட்டு டிரைலர் ஒன்றைப் பிக்கப்பில் இழுக்கிறேன், உள்ளே படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உண்டு. மேலே அண்ணன் சொன்னது அப்படியே என் கதை. இங்கே ஹூக்கில் உட்காரும் எடை டிரைலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், குறைந்தால் ஆடும். என் டிரைலர் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து சுமார் 3,200 கிலோ, ஹூக்கில் 400 கிலோ. தண்ணீர்த் தொட்டி முன்னால் இருந்தால் நிரப்பினதுமே கணக்கு மாறும், லிட்டருக்கு ஒரு கிலோ.

முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான், பிக்கப்பின் பின்பக்கம் குனிகிறதே என்று பின் ஸ்பிரிங்கில் காற்றுப்பை போட்டேன். வண்டி பார்க்க மட்டமாகிவிட்டது, எனக்கும் பெருமை. ஆனால் முன் அச்சு இழந்த எடை திரும்பவே இல்லை, லாரி ஒன்று முந்திப் போனால் ஸ்டியரிங் மிதக்கும். அப்புறம்தான் எடையைப் பகிரும் ஹூக் மாட்டினேன். அதில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகளை இறுக்கினால் வாலில் உட்கார்ந்த எடையில் ஒரு பங்கு பிக்கப்பின் முன் அச்சுக்கும் இன்னொரு பங்கு டிரைலர் அச்சுக்கும் போகும். அதை மாட்டினாலும் வண்டி தாங்கும் எடை ஒரு கிலோகூட அதிகமாகாது, அந்த அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ளதுதான். டிராக்டருக்கு இந்த ஹூக் ஒத்துவராது, ஆனால் எடை போட்டுப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

வண்டல்:
அமெரிக்காவில் படுக்கையறையை இழுக்கிற ஆளிடமா நெல் வண்டிக்கு யோசனை கேட்பது?

டெக்சாஸ்வாசி:
கேளுங்கள், இலவசம்தான் :) டிராக்டரை மட்டும் எடை மேடையில் ஏற்றி ஒரு எடை. பிறகு டிரைலரை மாட்டி, டிராக்டர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க, டிரைலர் சக்கரம் வெளியே மட்டமான தரையில் நிற்க இன்னொரு எடை. வித்தியாசம்தான் ஹூக்கில் உட்கார்ந்தது. கடைசியாக எல்லாம் சேர்த்து ஒரு எடை.

பட்டறைக்காரன்:
நல்ல முறை. இன்னொன்று விட்டுப்போனது. சேற்று உழவில் இடது, வலது பிரேக் பெடலைப் பிரித்து வைத்திருப்போம். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள். பாரத்தோடு ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிரைலர் டிராக்டரை மடக்கிப்போடும். உங்கள் டிரைலருக்குப் பிரேக் கிடையாது, பாலம் இறங்கும்போது நியூட்ரல் போடாமல், ஏறின கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

கோரையாறு:
ஆலை எடை மேடையில் போட்டுப் பார்த்தேன். நான் உட்கார்ந்து டிராக்டர் மட்டும் 2,080. முன்பக்கம் கனக்க 90 அடுக்கி மாட்டியபோது 3,240. அதாவது ஹூக்கில் 1,160 கிலோ! டிரைலர் நெல்லோடு 6,800. டெக்சாஸ் அண்ணன் கணக்கில் 17 சதவீதம்.

இன்று 60 மூட்டையோடு நிறுத்தி, அச்சுக்கு மேலே இரண்டு வரிசை கூடுதலாக அடுக்கிப் போனேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பியபோதுகூட முன்சக்கரம் தரையிலேயே இருந்தது. நேர் ரோட்டிலும் ஆட்டம் இல்லை. பட்டையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது, அதை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், கூடுதலாகச் சேர்க்கவில்லை.

இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது, அந்த டீசலுக்கு யார் காசு தருவது என்று வியாபாரி கேட்கிறார். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

வண்டல்:
அதை எங்கள் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.