கோடா அலைக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கடலூரான்:

வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி மாணவர்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்காக ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் கெய்ச்சி அகி பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1930ல் யோகோஹாமாவில் பிறந்து, டோக்கியோவில் படித்து, 1966ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். பி அலை, எஸ் அலை எல்லாம் முதன்மை அலை, இரண்டாம் அலை என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டது 'கோடா'வில்.

நிலநடுக்கப் பதிவில் முதன்மை அலை வந்து, இரண்டாம் அலை வந்து, பெரிய ஆட்டம் முடிந்த பிறகும் கோடு உடனே நேராவதில்லை. நடுங்கி நடுங்கி மெல்ல அடங்கும், சில சமயம் நிமிடக்கணக்கில். அந்தக் கடைசிப் பகுதிதான் கோடா. அது வெறும் இரைச்சல் இல்லை, நிலத்தடிப் பாறைகளின் ஒழுங்கின்மைகளில் பட்டுச் சிதறித் திரும்பி வரும் அலைகள் என்று எடுத்துக்கொண்டு அகி 1969ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நான் போட்டிருப்பது 'பின்னலை'. சரியா?

வடமராட்சியாள்:

பின்னலை அவிழ்த்துவிட்டாள் என்றுதான் எனக்குப் படிக்க வருகிறது, மன்னிக்கவும். அதோடு செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் 'பின்னதிர்வு' தெரியும். அது பெரிய நடுக்கத்துக்குப் பிறகு வரும் வேறு நடுக்கம், இதுவோ அதே நடுக்கத்தின் மிச்சம். இரண்டையும் 'பின்' என்று தொடங்கினால் பிள்ளைகள் பரீட்சையில் ஒன்றுக்கு மற்றதை எழுதுவார்கள்.

கோடா என்று அப்படியே விடுவதும் வேண்டாம். இலங்கையில், எங்கள் ஊரில் கோடா என்றால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்ச ஊற வைத்திருப்பது. பொலிஸ் இத்தனை லீற்றர் கோடா பிடித்தது என்று கிழமைக்கு ஒரு செய்தி வரும்.

புலவர் ஐயா:

அன்பர்களே, ஒலிபெயர்ப்பைத் தள்ள அதைவிட வலுவான காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கோடுதல் என்றால் வளைதல். 'ஒருபால் கோடாமை' என்று குறளில் படித்திருப்பீர்கள். ஆகவே 'கோடா அலை' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வளையாத அலை என்று பொருள். கடலூரார் சொல்வதைப் பார்த்தால் இதுவோ பாறையில் முட்டி, திசை மாறி, சுற்றி வருகிற அலை. பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை 'எச்ச அலை'. வினையெச்சம், பெயரெச்சம் எல்லாம் முடியாமல் நிற்பவைதாமே. மேலும் 'அலை' என்ற சொல்லையே பாருங்கள், அலைதல், அலைச்சல், அலைக்கழிதல், அலைவு எல்லாம் ஓரிடத்தில் நில்லாமையைக் குறிப்பவை. என் எண்ணத்தில் 'அல்' என்னும் வேரே நிலையின்மையைச் சுட்டுவது, அன்மையைச் சுட்டும் 'அல்' கூட இங்கிருந்து பிரிந்திருக்கலாம், அதாவது எது அலைகிறதோ அது அங்கே அல்ல

(இதற்கு மேல் ஐயா எழுதிய நாலு பத்தியைச் சுருக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். – மட்டுறுத்துநர்)

பாறைக்காரன்:

ஐயா, வேர் ஆராய்ச்சி எனக்குப் புரியவில்லை, ஆனால் அலைச்சல் என்றீர்களே, அது அச்சு அசல். நேராக வந்த அலை முதலில் வந்து சேர்ந்துவிடும், அலைந்து திரிந்தது தாமதமாக வரும். அதுதான் கோடா.

'எச்ச அலை' மட்டும் வேண்டாம். நான் வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு காக்காயைத்தான் நினைக்கும்.

சொல்லுக்கு முன்னால் பொருளைச் சரியாகப் பிடிப்போம். கோடாவில் அகி கண்ட அழகு எதுவென்றால், இரண்டாம் அலை வந்து சேர எடுத்த நேரத்தைப் போல சுமார் இரண்டு மடங்கு கடந்த பிறகு, ஒரு வட்டாரத்துக்குள் எந்த நிலையத்தில் பார்த்தாலும், நடுக்கம் பக்கத்தில் நடந்தாலும் கொஞ்சம் தள்ளி நடந்தாலும், கோடா தேயும் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வந்து கலந்துவிடுவதால் தனிப்பட்ட பாதையின் அடையாளம் அழிந்துபோகிறது. அப்படியென்றால் ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களின் கோடாவை ஒப்பிட்டு ஒன்று பெரிதாக இருந்தால், காரணம் அந்த நிலையத்துக்குக் கீழே இருக்கும் மண். 1986ல் அவரும் பிலிப்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளரும் நடுக் கலிஃபோர்னியாவில் இதைத்தான் செய்தார்கள். எந்த இடத்து மண் ஆட்டத்தைப் பெருக்கும் என்று தெரிந்துகொள்ள, எல்லாரும் தூக்கிப்போட்ட பதிவின் கடைசித் துண்டு உதவியது.

இதன் முக்கியத்துவம் புரிய, முந்தின ஆண்டு 1985 செப்டம்பர் 19 மெக்சிகோவை நினைத்துப் பாருங்கள். நடுக்கம் நடந்தது பசிபிக் கரையோரம், மெக்சிகோ நகரம் அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். ஆனாலும் பழைய ஏரிப்படுகைக் களிமண் மேல் கட்டிய பகுதிகள்தான் நொறுங்கின.

எனவே என் ஓட்டு 'வால்'. கோடா என்ற இத்தாலியச் சொல்லுக்கே வால் என்றுதான் பொருள். பதிவின் அந்தப் பகுதி 'வால்', அதில் உள்ள அலைகள் 'வாலலை'. வால் நட்சத்திரம் என்று ஊரே சொல்கிறது, யாரும் சிரிப்பதில்லை.

தஞ்சை மிருதங்கம்:

இத்தாலியில் வால் என்றாலும் அந்தச் சொல் உலகம் சுற்றியது சங்கீதத்தின் வழியாகத்தான். அவர்கள் இசையில் உருப்படி முடிந்த பிறகு வரும் வாலை கோடா என்பார்கள். அதற்கு நம்மிடம் 'முத்தாய்ப்பு' இருக்கிறதே! முத்தாய்ப்பலை. எவ்வளவு கம்பீரம்.

பாறைக்காரன்:

முத்தாய்ப்பு திட்டமிட்டு வைப்பது, எடுப்பாக முடிவது. இது முனகிக்கொண்டே அடங்குவது.

தஞ்சை மிருதங்கம்:

சரி, அப்படியானால் 'கார்வை'. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு தட்டுத் தட்டிக் கையை எடுத்தபின் நிற்கும் நாதம், தம்புராவை மீட்டி விட்டபின் நிற்பது. தட்டியவர் கையை எடுத்தாயிற்று, ஆனால் மரமும் தோலும் பேசிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் சொன்னதும் அதுதானே, நடுக்கம் முடிந்தாயிற்று, பாறை இன்னும் பேசுகிறது.

வடமராட்சியாள்:

அட, இது நல்லாயிருக்கு. கார்வை அலை. வீதியில் போகிறவருக்குப் புரியாதுதான், ஆனால் வால் என்றால் மட்டும் என்ன புரிந்துவிடப் போகிறது? எப்படியும் விளக்க வேண்டும், விளக்கினால் மறக்காத சொல்லாக இருக்கட்டும்.

புலவர் ஐயா:

கார்வை இசைவாணர் குழூஉக்குறி. அறிவியல் கற்க வருபவன் முதலில் பாட்டு வாத்தியாரிடம் போக வேண்டுமா? எச்சம் வேண்டாம் என்றால் 'ஈற்றலை' இருக்கிறது, ஈறு + அலை, புணர்ச்சியும் தூய்மை. அல்லது வினைத்தொகையாகத் 'தேயலை'. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் அலை, முக்காலமும் அடங்கிவிடும்.

கடலூரான்:

ஐயா, தேயலை என்று அனுப்பினால் அச்சில் தேயிலை என்று வரும். இந்த இதழின் மெய்ப்புத் திருத்துபவரை எனக்குத் தெரியும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அகிக்கு 1984ல் தென் கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகு 1991ல் அங்கே தொடங்கிய நிலநடுக்க மையத்தின் அறிவியல் பொறுப்பு வந்தது. பாறைப் பிளவுகளின் நிலவியல், பழைய நடுக்கங்களின் பட்டியல், நிலம் நகர்வதன் அளவீடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பீடாக்குவது திட்டம். அங்கே 'ஹசார்ட்', 'ரிஸ்க்' இரண்டும் பக்கத்துக்குப் பத்துத் தடவை வருகின்றன. நான் இரண்டுக்கும் 'அபாயம்' என்று போட்டுவிட்டேன்.

பாறைக்காரன்:

கட்டாயம் பிரியுங்கள். ஆளே இல்லாத பாலைவனத்தில் பெரிய பிளவு இருந்தால் ஹசார்ட் அதிகம், ரிஸ்க் கிட்டத்தட்ட இல்லை. வீடும் ஆளும் வந்தால்தான் ரிஸ்க். முதலாவது 'இடர்', இரண்டாவது 'இழப்பு வாய்ப்பு'. பேரிடர் என்பது நடந்து முடிந்தது, அதைத் தொட வேண்டாம்.

புலவர் ஐயா:

'அதிர வருவதோர் நோய்' என்று வள்ளுவர் சொன்னதை எடுத்துக்கொண்டால் 'அதிர்நோய்' என்று ஒரே சொல்லில்

கடலூரான்:

ஐயா, மாணவர்கள் மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள்.

வடமராட்சியாள்:

இடர் சரி. 'மொமென்ட்' என்ன செய்தீர்கள்? நடுக்கம் எவ்வளவு பெரிது என்று காட்ட அகி 1966ல் ஜப்பானின் நீகாதா நடுக்கத்துக்குக் கணக்கிட்டாரே, பாறையின் விறைப்பு, பிளவின் பரப்பு, நழுவிய தூரம் மூன்றையும் பெருக்கி. கனமோரி என்ற நிலநடுக்கவியலாளர் பிறகு அதன் மேல்தான் புது அளவுகோலைக் கட்டினார். இங்கே இலங்கைப் பாடப்புத்தகத்தில் அது 'திருப்பம்', உங்களிடம் திருப்புத்திறன். நாங்கள் புவிநடுக்கம், நீங்கள் நிலநடுக்கம்.

கடலூரான்:

'நடுக்கத் திருப்புத்திறன்' என்று போட்டேன். அடைப்பில் 'திருப்பம்' சேர்க்கிறேன்.

தஞ்சை மிருதங்கம்:

சுனாமியை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் நாம் ஆழிப்பேரலை என்று அழகாக ஒரு சொல் வைத்துக்கொண்டிருந்தோம். கடற்கரையில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, ஜப்பானியச் சொல்தான் நாக்கில் ஒட்டியது. சொல் எங்கே ஒட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் அழகானதையே வைப்போம். கார்வை!

வடமராட்சியாள்:

ஒருவர்கூட இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் நினைவுக் கூட்டப் பதாகைகளில் ஆழிப்பேரலை என்றுதான் எழுதுகிறோம். துக்கம் எழுதும்போது அந்தச் சொல்தான் வருகிறது.

கடலூரான்:

அனைவருக்கும் நன்றி. வாலலைக்கு ஐந்து பேர் (மூன்று பேர் தனியஞ்சலில்), கார்வைக்கு இரண்டு, ஈற்றலைக்கு ஐயா. 'வாலலை' என்றே அனுப்பிவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் "கார்வை போல நீடிக்கும் வாலலை" என்று. 1995க்குப் பிறகு அவர் ரீயூனியன் தீவில் எரிமலையைப் பார்த்துக்கொண்டு இருந்ததும் 2005ல் அங்கேயே மறைந்ததும் கடைசிப் பத்தி, அதில் புதுச் சொல் எதுவும் இல்லை.

வடமராட்சியாள்:

நான் வகுப்பில் கார்வை என்றுதான் சொல்லப்போகிறேன், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

புலவர் ஐயா:

வாலலை. வால் + அலை. 'வால்' என்பதற்கு வெண்மை, தூய்மை என்றும் பொருள் உண்டு, வாலறிவன் என்பதை நோக்குக. ஆகவே 'தூய அலை' என்று பிழைபடப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. இது குறித்து நாளை விரிவாக எழுதுகிறேன்.