மணி அடித்தால் எந்த வழியாக ஓடுவீர்கள்?

உள்ளே வேலை பார்ப்பவரை மறந்து வரைந்த கட்டடங்களைப் பற்றி மூன்று பேர் எழுதிய பதிவுகள் இவை.

கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு தீயணைப்பு நிலையம் என் கைக்கு வந்தது. அதுவரை வீடும் கடையும்தான் வரைந்திருந்தேன். ஜெர்மனியில் விட்ரா என்ற அறைகலன் நிறுவனத்தின் ஆலை வளாகத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதித் 1993-ல் கட்டிய நிலையத்தின் படம், அந்தக் கத்திமுனைக் கான்கிரீட், என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. விளைவு, இரண்டு வாரம் முகப்பு மட்டுமே வரைந்தேன்.

அப்புறம் பிளானைத் தீயணைப்புத் துறையின் மூத்த அதிகாரி ஒருவரிடம் காட்டினேன். முகப்பை அவர் பார்க்கவே இல்லை. "ராத்திரி மணி அடிக்குது, நான் இங்க படுத்திருக்கேன், வண்டி எங்கம்மா?" என்று படுக்கையறையில் விரலை வைத்து நகர்த்த ஆரம்பித்தார். இரண்டு கதவு, ஒரு திருப்பம், மாடிப்படி, மறுபடி ஒரு கதவு. அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 1710, தீ அழைப்பு கிடைத்து வண்டி நகரத் தொடங்குவதற்கு 80 வினாடிதான் கொடுக்கிறது, பாதுகாப்பு உடை மாட்டுவதும் அதற்குள்தான். மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் கம்பம் வைக்கலாமா என்று கேட்டேன் (1878-ல் சிகாகோவில் வந்த யோசனை, எனக்கு இன்னும் ஆசைதான்). "கணுக்கால் போனா யாரு பாக்கிறது?" என்றார். சரி, படுக்கையறையே கீழ்த்தளத்துக்கு வந்தது.

இரண்டாவது அடி எனக்கு வலித்தது. உடை மாட்டும் கொக்கிகளைச் சமையலறை நடையில் வைத்திருந்தேன், அழகாகத் தெரிகிறது என்று. தீக்குள் போய் வந்த உடையில் கரியோடு என்னென்ன ஒட்டியிருக்கும் என்று யோசிக்கவே இல்லை. தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் வகைப்படுத்திவிட்டது. வண்டிக்கூடம், உடை அறை, துவைக்கும் இடம் எல்லாம் ஒரு பக்கம், சோறும் தூக்கமும் இன்னொரு பக்கம், நடுவில் கழுவிக்கொண்டு கடக்க ஓர் அறை என்று பாதிப் பிளானை அழித்துப் போட்டேன்.

—

நான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்தவன். எங்கள் கட்டடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. மதியம் மூன்று மணிக்குக் கணினித் திரையில் ஒன்றும் தெரியாது, நாங்களே சார்ட் பேப்பர் வாங்கி ஒட்டினோம். பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஒட்டியவர்களைப் பார்த்துத்தான், வரைந்தவரைப் பார்த்து அல்ல. பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைஞர் லூயி கான் கட்டிய புகழ்பெற்ற ரிச்சர்ட்ஸ் ஆய்வகத்திலேயே கண் கூசி விஞ்ஞானிகள் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்று.

—

பொதுமக்கள் வரும் அலுவலகத்தில் கவுண்டர் எழுத்தராக இருந்தேன். கண்ணாடியில் பேசும் ஓட்டை என் வாய்க்குச் சரியாக இருந்தது, எதிரே நிற்பவருக்கு இடுப்பளவு. நாள் முழுக்க எல்லோரும் எனக்குக் குனிந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு அக்கா மட்டும், "எனக்குத்தான் சரியா வச்சிருக்காங்க போல" என்று சிரித்தார்.

—

முதல் பதிவு எழுதியவள்தான். விட்ராவைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வீரர்கள் வெறுத்து ஓடிய கட்டடம் என்று ஒரு கதை சுற்றுகிறது. உண்மையில் அந்தப் பகுதியின் பொறுப்பைப் பொதுத் தீயணைப்புப் படை ஏற்றதால் ஆலைக்குத் தனிப்படை தேவைப்படவில்லை. இப்போது அங்கே கண்காட்சிகளும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. படத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.