ட்ரான்ஸ் கேட்டு வளர்ந்தவர்களே, எந்த ராத்திரியில் மனசு விட்டுப்போச்சு?

மெரிபேங்க்காரன், டர்பன்

இப்படி ஒரு கூட்டம் நம்மிடையே இருப்பது எனக்குத் தெரியும். வெளியே பார்த்தால் கோயில் கமிட்டி, பிள்ளைகளின் கிரிக்கெட், வீட்டுத் தவணை. காரில் தனியாக உட்கார்ந்து கதவைச் சாத்தினால் மட்டும் 1999-ஆம் வருஷத்து ட்ரான்ஸ், அதாவது அந்தக் கால மின்னணு நடன இசை, ஓடும். வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காது. அந்தக் கூட்டத்துக்காகத்தான் இந்த இழை. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பொத்தாம்பொதுவாகப் புலம்ப வேண்டாம். எங்கே, என்ன நடந்தபோது உறைத்தது, அதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஜொகன்னஸ்பர்க் பக்கம் ஒரு பெரிய விழா, பெயர் வேண்டாம். 2014-இல் அல்ட்ரா என்ற நடன இசை விழா தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததற்கு அடுத்தடுத்த வருஷங்களில் நடந்தது. டர்பனிலிருந்து என்3 சாலையில் கூட்டாளிகளோடு காரை ஓட்டிக்கொண்டு போனோம். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கேட்டுவந்த ஒரு டிஜே கடைசியாக வாசிக்கப் போகிறார். ஒரு காலத்தில் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தனி ஆளாக வாசித்தவர். இங்கே அவருக்குக் கொடுத்தது ஒரே மணி நேரம்.

ஏறியதும் மைக்கைப் பிடித்தார். "ஜோபர்க், கையைத் தூக்கு!" தூக்கினோம். ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. ட்ராப் (பீட் ஓங்கி விழும் இடம்), புகை, கைதட்டு, அடுத்தது. சரி, விழா என்றால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அவருடைய பழைய பாட்டு ஒன்றின் மெட்டு மெல்லக் கசிந்து வந்தது. எங்கள் கூட்டமே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பீட் நின்றது, மெட்டு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஸ்னேர் டிரம்மின் உருட்டல் வந்தது. உச்சத்தில் அந்த மெட்டோடு கிக், அதாவது அடித்தாள டிரம், திரும்பி வந்து விழ வேண்டும். விழுந்தது வேறு யாருடைய பாட்டிலிருந்தோ வெட்டி ஒட்டிய ட்ராப். மெட்டைக் காணோம், வெறும் இரைச்சல். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பும் ஊற்றி, கை வைக்கப் போகும்போது இலையை உருவிக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பக்கத்தில் நின்ற பையன்கள் குதித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று தெரியாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன். பழைய ட்ரான்ஸ் பாட்டு ஏழு, எட்டு நிமிஷம், சில சமயம் அதற்கும் மேல். முதல் ஒன்றிரண்டு நிமிஷம் கிக்கும் ஹைஹாட்டும்தான். ஒரு ரெக்கார்டிலிருந்து அடுத்த ரெக்கார்டுக்கு டிஜே மாறுவதற்கான இடம் அது. நடுவில் பிரேக்டவுன், பீட் நின்று மெட்டு தனியாக வரும். பிறகு அதே மெட்டு பீட்டோடு சேர்ந்து உச்சத்துக்கு ஏறும். பிரேக்டவுன் எதைக் காட்டி ஆசை மூட்டியதோ அதைத்தான் உச்சம் கொடுக்கும். 2010-க்குப் பிறகு பெரிய மேடைகளைப் பிடித்த பிக் ரூம் பாட்டுகள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கின. மெட்டு ஏறும், ஏறும், உச்சத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒற்றை பேஸ் இடி. வேகமும் ஒலியும் காலத்துக்குக் காலம் மாறும், மாறட்டும். கொடுத்த வாக்கு காற்றில் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

—

சாட்ஸ்வர்த் அக்கா, டர்பன்

தம்பி, நீ அவ்வளவு தூரம் போய் ஏமாந்தாய். எங்களுக்கெல்லாம் பாயிண்ட் ரோட்டிலேயே எல்லாம் இருந்தது. கிளப் 330 ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். (அந்த ரோட்டுக்குப் பிற்பாடு மகாத்மா காந்தி பெயர் வைத்தார்கள். காந்தியின் பெயருள்ள ரோட்டில் நான் அடித்த கூத்தை என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.) பெண்பிள்ளை ராத்திரியில் தனியாகப் போவதா என்று அம்மா விடமாட்டார்கள். அண்ணன் துணைக்கு வந்தால்தான் அனுமதி. அவனுக்கு இந்த இசை சுத்தமாகப் பிடிக்காது, காரிலேயே தூங்குவான். விடிந்த பிறகு போய்க் கண்ணாடியைத் தட்டி எழுப்புவேன்.

பாட்டு கிடைப்பது அப்போது லேசா என்ன? நெதர்லாந்து டிஜே ஆர்மின் வான் பியூரனின் எ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ் வானொலி நிகழ்ச்சி 2001-இல் தொடங்கியது. வியாழக்கிழமைதோறும் வரும். அதை யாராவது பதிவு செய்து இணையத்தில் போட, போன் லைனில் மோடத்தைக் கீச்சிட விட்டு, கட்டணம் குறையும் ராத்திரி நேரமாகப் பார்த்து இறக்க வேண்டும். நடுவில் சித்தி போன் எடுத்தால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. அப்படி இறக்கிய இரண்டு மணி நேரத்தை ஒரு நொடி ஓட்டிவிடாமல் கேட்போம்.

மறக்கவே முடியாத நாள் 2004 ஆகஸ்ட் 13. ஆடி மாசக் கடைசி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்து வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. நாடு நாடாக அணிவகுத்து வரும்போது பின்னால் வாசித்தது யார்? நம்ம ட்ரான்ஸ் டிஜே டியேஸ்டோ! ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு டிஜே நேரடியாக வாசித்தது அதுதான் முதல்முறை. நான் துள்ளிக் குதித்தேன். மாமா செய்தித்தாளை இறக்கி, "யாரும்மா அது, உனக்குத் தெரிஞ்ச பையனா?" என்று கேட்டார். ஆமாம் மாமா, ரொம்ப நாளாகத் தெரியும் என்றேன். எங்கள் நாட்டு அணி மைதானத்துக்குள் வரும்போது என் இசை ஓடுகிறது! அதற்கு மேல் ஒரு பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அதே டியேஸ்டோ 2009-இல் கெலைடோஸ்கோப் ஆல்பம் போட்டார். வாங்கி வந்து போட்டால், ட்ரான்ஸே இல்லை. ஒரு வாரம் அழுதுகொண்டு திரிந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இன்றைக்கு யோசித்தால் அவர்மேல் வருத்தமில்லை. "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ட்ரான்ஸ் என்ற போர்டை மாட்டிக்கொண்டே உள்ளே 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 அடி) வேகத்தில் ஹவுஸ் என்ற வேறு வகை நடன இசையை விற்றார்களே, அவர்கள்தான் என் மனசை நோகடித்தவர்கள். 138, 140 என்று ஓடியது மெல்ல மெல்ல இறங்கியது. டிஜே மேக் பத்திரிகையின் நூறு பேர் பட்டியலில் 2002-லிருந்து 2010 வரை முதலிடம் நம்ம ஆட்களிடமே இருந்தது: டியேஸ்டோ, பால் வான் டைக், ஆர்மின். 2011-இல் ஹவுஸ் பக்கத்து டேவிட் குவெட்டா. அந்த முடிவைப் பார்த்த அன்றைக்கே, பணம் எந்தப் பக்கம் போகிறதோ இவர்களும் அந்தப் பக்கம் போவார்கள் என்று புரிந்துவிட்டது.

—

ஃபோர்வேஸ் வாசி, ஜொகன்னஸ்பர்க்

நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன், பூர்வீகம் கோயம்புத்தூர். என் ட்ரான்ஸ் கோவாவில் தொடங்கியது. கல்லூரிக் காலத்தில் ரயில் ஏறி அஞ்சுனா போவோம். யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கவே மாட்டோம், போஸ்டரில் முகமும் இருக்காது. ராத்திரி முழுக்க இருண்ட சத்தம், சூரியன் வந்ததும் மெட்டு மாறும், வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி. அதற்காகவே விழித்திருப்போம். பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இறுகியது. மாலை நாலு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும் பார்ட்டியில் எந்தச் சூரியோதயத்துக்கு வாசிப்பது? 2023-இல் கோவா ட்ரான்ஸின் முன்னோடி டிஜே கோவா கில் காலமான செய்தி வந்தபோது அலுவலகத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை. இந்த இழையை அன்றைக்கே ஆரம்பித்திருக்கக் கூடாதா?

—

கேப்டவுன்வாசி

நீங்கள் எல்லாரும் தப்பான ஊரில் இருக்கிறீர்கள். மலைக்கு வாருங்கள். வோர்டெக்ஸ், ஏலியன் சஃபாரி என்ற விழாக்கள் என்று எங்களுக்கு சைட்ரான்ஸ் (கோவா வழியில் வந்த ட்ரான்ஸ்) இன்னமும் திறந்தவெளியில்தான். செம்மண் தூசி, பக்கத்தில் அணைத் தண்ணீர், பகல் முழுக்க ஆட்டம்.

குறை இல்லையா என்றால் உண்டு. முன்னே கூடாரம் அடித்துப் பக்கத்துக் கூடாரத்துக்காரனோடு சோறு பகிர்ந்துகொள்வோம். இப்போது நுழைவுச் சீட்டின் விலையில் ஒரு மாத மளிகை வாங்கலாம். ஆடுகிற இடத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருந்தாலும் இசை கெட்டுப்போகவில்லை, சத்தியமாக.

—

மெரிபேங்க்காரன்

கேப்டவுன் அண்ணே, உங்க ஊர்க்காரர்கள் எதைக் கேட்டாலும் "மலைக்கு வா" என்பீர்கள். அங்கே வாசிப்பது 145-க்குக் குறையாத உறுமல். என் மெட்டு எங்கே?

—

பீனிக்ஸ் தம்பி, டர்பன்

அண்ணன்மார், அக்காமார் கோபிக்கக் கூடாது. எனக்கு இருபத்திநாலு வயசு. நீங்கள் சொல்லும் பாட்டு பலதும் வந்தபோது நான் பிறக்கவே இல்லை.

ஒன்று: பாட்டைச் சின்னதாக்கியது எங்கள் தலைமுறை இல்லை. ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ஒன்றரை நிமிஷம் வெறும் கிக்கை வைத்தால் ஆள் தள்ளிவிட்டுப் போய்விடுவான், காசு வராது. அதனால் முதல் பத்து நொடியிலேயே குரலை வைக்கிறார்கள். நானும் வீட்டில் கணினியில் பாட்டு செய்கிறவன், எனக்கும் இதே நெருக்கடி.

இரண்டு: இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு நெதர்லாந்துக்காரர்கள் மாறிவிட்டார்கள் என்று அழுகிறீர்களே, உங்கள் ஊரிலேயே என்ன நடந்தது என்று கவனித்தீர்களா? க்கோம் என்ற நடன இசை பிறந்தது டர்பன் டவுன்ஷிப்பில். டிஜே பிளாக் காஃபி பிறந்தது உம்லாசியில், உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது. 2022-இல் நடன இசை ஆல்பத்துக்கு கிராமி வாங்கினார். உம்லாசிக்காரர் வாங்கியதற்கு இந்த இழையில் ஒருத்தரும் துள்ளிக் குதித்ததாகக் காணோமே!

மூன்று, இதுதான் முக்கியம். ஆமாபியானோ என்ற நம்ம நாட்டு நடன இசையைக் கேளுங்கள். போனில் வெட்டி வரும் பதினைந்து நொடித் துண்டு வேண்டாம், முழுப் பாட்டு. ஆறு, ஏழு நிமிஷம் சாதாரணமாக ஓடும். முதலில் ஷேக்கரும் கீபோர்டும்தான். நிமிஷக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் லாக் டிரம், அந்த ஆழமான பேஸ் டிரம் ஒலி, வந்து விழும் பாருங்கள். 112 பிபிஎம்தான், ஆனால் யாரும் அவசரப்படுவதில்லை. மினிபஸ் டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகூட அந்த லாக் டிரம்முக்குத் தலையாட்டிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தொலைத்துவிட்டதாகச் சொல்லும் பொறுமை அங்கேதான் இருக்கிறது.

—

மெரிபேங்க்காரன்

தம்பி, நன்றாகக் கேட்டாய். கிராமி விஷயத்தில் வாயடைத்துப் போனேன்.

காத்திருப்பது நமக்குப் புதிசில்லை. கரும்புத் தோட்டக் காலத்தில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும் என்று தாத்தா சொல்வார். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரன் குரல் மட்டும் வரும், ஆள் வெளியே வர அவ்வளவு நேரமாகும். அதுவரைக்கும் மத்தளமும் தாளமும்தான். யாரும் எழுந்து போக மாட்டார்களாம். நான் பெரியவனான பிறகு பார்த்த கூத்து இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே. அதனால் நேரம் சுருங்கியதற்கு டிஜேவை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றில் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். போனில் இப்போது 150 பிபிஎம் டெக்னோவுக்கு மேல் எங்கள் காலத்து மெட்டைப் பிய்த்து ஒட்டி "ட்ரான்ஸ் திரும்பி வந்துவிட்டது" என்கிறார்களே, அது திரும்பி வந்ததாகாது. உச்சத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்த ஆறு நிமிஷத்தைக் குப்பையில் போடுகிறார்கள். 2013-இல் ஆர்மினே, 138-ஐக் கண்டு யாருக்குப் பயம் என்று கேட்கிற மாதிரி தலைப்பு வைத்து ஒரு பாட்டு போட்டார். வேகம் திரும்பியது, சந்தோஷப்பட்டோம். ஆனால் வேகத்தை மட்டும் கேட்டு நான் எப்போது நின்றேன்?

—

சாட்ஸ்வர்த் அக்கா

பீனிக்ஸ் தம்பி, உன் பேச்சைக் கேட்டு நேற்று ஆமாபியானோ முழுப் பாட்டு ஒன்று போட்டேன். மூன்றாவது நிமிஷத்தில் என் மகள் வந்து, "அம்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டாள். போனை அவளிடம் கொடுக்கவில்லை. லாக் டிரம் நாலாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் வந்தது. நல்லாத்தான் இருக்கிறது. மெட்டு குறைச்சல், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொண்டை அடைக்க வேண்டும், இடுப்பு ஆடினால் மட்டும் போதாது.

நீ செய்கிற பாட்டை இங்கே போடு. எட்டு நிமிஷத்துக்குக் குறைந்தால் கேட்க மாட்டோம்.

—

பீனிக்ஸ் தம்பி

அக்கா, ஒன்பது நிமிஷத்தில் ஒன்று பாதி முடிந்து கிடக்கிறது. யாருமே கேட்க மாட்டார்கள் என்று விட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை போடுகிறேன். மெரிபேங்க் அண்ணன் முதல் இரண்டு நிமிஷத்தை ஓட்டிவிட்டுக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும், சொல்லிவிட்டேன்.